கைத்தொழிலும் மனநலமும்



தொழில் ஓங்குதற்கு முதலும் இயந்திரமும் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. தொழில் நடத்துவோர் மனம் நோயின்றி இருத்தலும், தாம் கற்றதை உடனுழைப்பார்க்குக் கற்பித்தலும் அவற்றினும் வேண்டப்படுவன. இவ்விரண்டும் தம்முள் இயைபுடையன என்பதை நம் அம்பத்தூர் வரலாற்றால் அறியலாம்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் அரசாங்கத்தாரால் அமைக்கப்பெற்றது. இன்று ஆயிரத்திற்கு மேற்பட்ட தொழிற்கூடங்கள் அங்கு உள்ளன. அவற்றுட் பல, பெரிய ஆலைகளுக்கு உறுப்புக்கள் கடைந்து தரும் சிறு பட்டறைகள். அத்தகைய பட்டறையில் முதலாளி ஒருவரே கணக்கர், அவரே மேஸ்திரி, சரக்குக் கொள்வாரும் அவரே. விலையும் அளவும் வரவேண்டிய பாக்கியும் அவர் நெஞ்சிலேயே அடங்கிக் கிடக்கும். சிறுதொழிலாளர்க்குரிய தொகையை 45 நாட்களுக்கு மேற்படாமற் செலுத்துதல் வேண்டுமென 2006-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தும், பாக்கி தாழ்த்து வருதல் உண்டு. பாக்கி தாழ்க்க வட்டி ஏறும். வட்டி ஏற உறக்கம் கெடும். உறக்கம் கெட அளவு பிழைக்கும். அளவு பிழைத்த சரக்குத் திரும்பி வரும். இங்ஙனம் கவலை இழப்பைப் பெருக்க, இழப்புக் கவலையைப் பெருக்கும்.

2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் தொழிற்பேட்டையினுள் நீர் புகுந்தது. என் மாணாக்கன் ஒருவனுடைய தந்தையார் லேத்துப் பட்டறை உடையவர். இயந்திரம் துருவேறக் கண்டு அவர் வீட்டினுள் ஒடுங்கினார். ஊணும் உரையும் குறைந்தார். தொழில் நுட்பம் எதனையும் எவர்க்கும் அவர் சொல்லி வைத்திலர். ஆதலின் பட்டறை மாதக்கணக்கிற் பூட்டிக் கிடந்தது. அடுத்த பட்டறைக்காரர்க்கும் அதே இழப்புத்தான். ஆயின் இவர் பணியாளர் இருவர்க்கு எல்லாம் கற்பித்திருந்தார். இவர் சோர்ந்திருந்த நாட்களில் அவர்களே பொறியைத் துடைத்து ஓட்டினர். பின்னர் இவரே அண்டையாரிடம் சென்று, தாம் பட்ட கலக்கத்தையும் கடன் பெற்ற வகையையும் மறையாது உரைத்து, அவரை மருத்துவரிடமும் அழைத்துச் சென்றார். சில திங்களில் அப்பட்டறையும் திறந்தது.

நிற்க. தொழில் மருமத்தை வெளியிட்டாற் போட்டி மிகும் என்பார் உளர். அவர்க்குச் சிவகாசி விடை கூறும். அவ்வூரினராகிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். அக்கல்வி அவ்விருவரோடு நின்றிலது. ஊரார் பலர்க்கும் பரவிற்று. அதனால் சிவகாசி தாழ்ந்ததோ? ஊர் முழுதுமே தொழில் நகரமாயிற்று.

மனநோயை மறைப்போரும் உளர். மக்கட்கு மணம் தடைப்படும் என்று அஞ்சுவர். காய்ச்சலுக்கு மருந்துண்ண நாணாத நாம் இதற்கு நாணுதல் என்னை? மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தோற்றுவித்த ஸ்கார்ப் நிறுவனம், நமக்கு அணித்தாய அண்ணாநகர் மேற்கிலேயே மனநோயாளர்க்குப் பணிபுரிந்து வருகின்றது. 2022 முதல் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் அரசாங்கத்தாரும் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகின்றனர்.

ஆதலின் நம் சங்கக் கூட்டந்தோறும் தொழிலுடையார் தாம் கற்ற நுட்பம் ஒன்றையும், தம்மை வருத்தும் கவலை ஒன்றையும் எடுத்துரைக்கும் வழக்கத்தைத் தொடங்குவோமாக. மனையிலுள்ளாரும், ‘இன்று வரவு எவ்வளவு?’ என்று கேட்பதற்கு முன், ‘நேற்று நன்றாக உறங்கினீர்களா?’ என்று கேட்பாராக.