நட்சத்திர ஆமை: நீரும் நடத்தையும்

நட்சத்திர ஆமை தென்னிந்தியா, இலங்கை ஆகிய இடங்களின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நில ஆமை. கரிய ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரிவதால் இப்பெயர். ஆமை என்றாலே குளம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. அதை ஆழமான குளத்தில் விடுவது அறியாமல் செய்யும் கொலை.

நீந்தாவிட்டாலும் அதற்கு நீர் மிகவும் தேவை. கழிவை யூரிக் அமிலமாக்கி வெளியேற்றி நீரைச் சேமிக்கும். சிறுநீர்ப்பையிலுள்ள நீரை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பயந்த ஆமை கையில் சிறுநீர் கழித்தால் அது தன் சேமிப்பையே இழக்கிறது. குழிந்த கண்கள், சுருங்கிய தோல், மணல்போல் கெட்டியான வெண்கழிவு ஆகியவை நீரிழப்பின் அறிகுறிகள். மீட்கப்பட்ட ஆமைகளைத் தாடையளவுக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் அமர்த்துவர். அங்கேயே அவை குடிக்கும்.

கோடை நண்பகலில் அசையாமல் ஒடுங்கிக் கிடப்பதும் மழைக்காலத்தில் சுறுசுறுப்பாவதும் நோயல்ல. வாயைத் திறந்து மூச்சுவிடுவதும் மூக்கில் நுரை வருவதும் கால்நடை மருத்துவர் பார்க்கவேண்டியவை.

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் இந்த ஆமை முதல் அட்டவணையில் உள்ளது. வீட்டில் வளர்ப்பது குற்றம். பன்னாட்டு வணிகமும் 2019 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. கண்டெடுத்தவர் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.