இறங்காமலே காத்தடிச்ச லாரி

ஜீப்புல கம்ப்ரசர் மாட்டலாம்னு தேடப்போய் 1942-ல் போய் நின்றேன். அமெரிக்காவின் நீர்-நில லாரி ‘டக்’. முதலில் ராணுவம் வேண்டாமென்றது. அந்த டிசம்பரில் கேப் காட் பக்கம், புயலில் மணல்திட்டில் சிக்கிய கடலோரக் காவல்படைப் படகிலிருந்து ஏழு பேரை ஒரு டக் மீட்டது. எதிர்ப்பு அடங்கியது. மொத்தம் 21,000-க்கு மேல் செய்தார்கள்.

கடற்கரை மணல்ல டயர் புதையும், காத்த இறக்கணும். ரோட்டுக்கு வந்தா ஏத்தணும். குண்டு விழுற இடத்துல யார் இறங்கி வால்வு திருகுறது? முதல் வண்டிகளில் இல்லாத ஏற்பாட்டை ஃப்ராங்க் ஸ்பியர் கொண்டுவந்தார். வண்டியிலேயே கம்ப்ரசர், ஒவ்வொரு சக்கரத்துக்கும் வெளிப்பக்கமாகக் குழாய். சக்கரம் சுத்தும், குழாய் சுத்தக்கூடாது. கஷ்டமெல்லாம் அந்த இணைப்பில்தான். ஓட்டுநர் உட்கார்ந்தபடியே 40 பிஎஸ்ஐயை 10-க்கு இறக்கினார்.

நான் இன்னும் குனிஞ்சுதான் திருகுறேன்.