சிவகாசி அச்சகங்களில் வண்ணம் பார்க்கும் திரை: ஓர் ஒப்பீடு

1. ஆய்வுப் பொருள்

தீப்பெட்டி லேபிளில் வளர்ந்த சிவகாசி அச்சுத்தொழில், பட்டாசு உறை, காலண்டர், டைரி என விரிந்தது. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு (1898–1976) காலத்தில் அசல் ஓவியம் கையிலிருந்தது. அச்சான தாளைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கலாம். இன்று அந்த அசலே டிசைனரின் மானிட்டருக்குள் இருக்கிறது. மானிட்டர் பொய் சொன்னால் பிளேட்டும் தாளும் மையும் வீண்.

2. திரை வகைகள்

டிஎன் திரை மலிவு. தலையைச் சற்றுத் தாழ்த்தினாலே நிறம் மாறும். உட்கார்ந்திருக்கும் டிசைனரும் பின்னால் நிற்கும் பார்ட்டியும் ஒரே சிவப்பைப் பார்ப்பதில்லை. பில் போடுவதற்கு அது போதும்.

விஏ திரையில் கறுப்பு ஆழமானது; வெளிச்ச வேறுபாடு ஏறத்தாழ 3000:1. பக்கவாட்டில் பார்த்தால் அடர்நிறங்கள் வெளிறும். 1996இல் ஹிட்டாச்சி கொண்டுவந்த ஐபிஎஸ்ஸில் இந்த விகிதம் 1000:1 அளவுதான். ஆனால் கோணம் மாறினாலும் நிறம் நிலைக்கும். கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது என்று அதைக் குறை சொல்வார்கள். ஆர்ட் பேப்பரில் ஏறும் கறுப்பு மை அந்த ஆழத்தைக்கூட எட்டுவதில்லை என்பதால், அச்சு வேலையில் இது குறையே அல்ல.

ஓஎல்இடியின் முழுக்கறுப்பும் இதே காரணத்தால் இங்கே பயனற்ற ஆடம்பரம். நாள் முழுக்க அசையாமல் நிற்கும் டிசைன் மென்பொருளின் கருவிப்பட்டை அதில் நிரந்தரத் தடமாகப் பதியும் அபாயமும் உண்டு.

3. நிற எல்லையும் வெளிச்சமும்

ஆப்செட்டின் சயான் நிறத்தில் ஒரு பகுதி, சாதாரணத் திரைகளின் நிற எல்லையான எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே விழுகிறது. அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபி அதை உள்ளடக்கும். கடையிலிருந்து வரும் மானிட்டர் பெரும்பாலும் கண்ணைப் பறிக்கும் பிரகாசத்தில் இருக்கும். தாளோடு ஒப்பிட, சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா போதுமானது. தாளைப் பார்க்கும் விளக்கு 5000 கெல்வினாக இருக்க வேண்டும். ஜன்னல் வெயிலில் எந்தத் திரையும் தேறாது.

4. திரைக்கு எட்டாதவை

பட்டாசு உறையின் ஃப்ளோரசன்ட் மை, புற ஊதாக்கதிரை உறிஞ்சிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக உமிழ்கிறது. ஃபாயிலின் மினுமினுப்போ பார்ப்பவர் நகர நகர மாறுவது. எந்த விலை மானிட்டரும் இவ்விரண்டையும் காட்டாது.

5. முடிபு

அடோபி ஆர்ஜிபியை எட்டும் ஐபிஎஸ் திரையே இத்தொழிலுக்கு ஏற்றது. ஓஎல்இடிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் ஒரு காலிபரேட்டர் வாங்கலாம். ஃப்ளோரசன்ட், ஃபாயில் வேலைகளுக்கு மட்டும் மாதிரித் தாளிலேயே பார்ட்டியிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆடிப்பெருக்கில் காலண்டர் ஆல்பம் வெளியிடும் அச்சகங்கள் அதற்கு முன்பே திரையை அளந்து சரிசெய்துவிடுவது நல்லது.