எண் இல்லாத குழல்கள்

தருமபுரி மாவட்டத்துக் காட்டோரக் கிராமங்களில் வனத்துறையும் காவல்துறையும் அவ்வப்போது ஓர் அறிவிப்புச் செய்யும். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தாங்களாகவே வந்து ஒப்படைத்துவிட்டால் வழக்கு இல்லை, சோதனையில் பிடிபட்டால் சிறை என்பதுதான் அதன் சாரம். ஊர்ப் பெரியவர்கள் கையில் சில வந்து சேரும். பெயர் தெரியக் கூடாது என்று இரவோடு இரவாகப் பொது இடத்தில் போட்டுவிட்டுப் போவதும் உண்டு. மறுநாள் நாளிதழில் அவற்றை வரிசையாகக் கிடத்தி எடுத்த படம் வரும். எத்தனை துப்பாக்கி என்று செய்தி சொல்லும். எந்தத் துப்பாக்கி என்று சொல்லாது.

இந்தச் செய்திகளைப் பல ஆண்டுகளாகக் கத்தரித்து வைத்து வருகிறேன். அவற்றை ஒன்றாகப் பரப்பிப் பார்த்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. தொழிற்சாலைத் துப்பாக்கி என்றால் செய்தவர் பெயரும் வரிசை எண்ணும் இரும்பிலேயே பொறித்திருக்கும். ஊர்க் கொல்லர் உலையில் காய்ச்சி அடித்த குழலில் என்ன இருக்கும்? இவற்றில் ஒன்றாவது எப்போதாவது அரசாங்கக் காகிதத்தில் ஏறியதா? ஏறியிருந்தால், இதுதான் அந்தத் துப்பாக்கி என்று எதை வைத்து அடையாளம் கண்டார்கள்?

முதலில் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். இந்திய ஆயுதச் சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 1962 அக்டோபர் 1. அதன் 13ஆம் பிரிவை வாசித்தால், இந்தச் சட்டம் எழுதியவர்கள் மனதில் ஒரு சிறு விவசாயியும் இருந்திருக்கிறார் என்பது தெரியும். பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க வேண்டும் என்கிறது. அதே மூச்சில், உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் கொடுக்க வேண்டும் என்கிறது. ‘கொடுக்கலாம்’ என்று அதிகாரியின் விருப்பத்துக்கு விடவில்லை. மறுப்பதற்குரிய காரணங்களை அடுத்த பிரிவு தனியாகச் சொல்கிறது. கெட்டிப்புத் துப்பாக்கி பயிரைக் காக்கப் போதாது என்று அதிகாரிக்குப் பட்டால் வேறு வகைக்கு உரிமம் தரவும் வழி வைத்திருக்கிறது. கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டுவிட்டு இரவெல்லாம் பரணில் காவல் இருந்தவனுக்கு இது பெரிய வாசல்.

குழலின் நீளத்தைச் சட்டம் இவ்வளவு கவனிப்பதற்குக் காரணம் எளிது. நீளக் குழல் வயலுக்கு. வெட்டிக் குட்டையாக்கிய குழல் துணிக்குள் மறைத்துக்கொண்டு போக. அதனால் 6ஆம் பிரிவு, அதற்கென்று உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கிக் குழலைக் குறுக்கக் கூடாது என்கிறது. மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். அமெரிக்காவில் இதே அச்சம் 1934இலேயே சட்டமானது. அங்கே குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைஃபிளை ஒருவர் தாமே செய்துகொள்வதென்றால் முன்கூட்டியே படிவம் போட்டு, கைரேகை கொடுத்து, அனுமதி வாங்க வேண்டும். அதன்பின் தம் பெயர், ஊர், மாநிலம், வரிசை எண் எல்லாவற்றையும் உலோகத்தில் செதுக்க வேண்டும். எழுத்தின் ஆழத்துக்குக்கூட அளவு உண்டு: ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. தேய்ந்துபோகக் கூடாது என்பதற்காக.

நம் சட்டத்தில் அந்த வேலையைச் செய்வது 8ஆம் பிரிவு. என் தேடலுக்கு உருவம் கொடுத்ததும் அதுதான். துப்பாக்கியில் உள்ள பெயரையோ எண்ணையோ அழிக்கக் கூடாது, மாற்றக் கூடாது என்பது அதன் முதல் உட்பிரிவு. செய்தவர் பெயரோ எண்ணோ மத்திய அரசு ஏற்ற வேறு அடையாளமோ இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்பது இரண்டாவது. மூன்றாவது கடுமையானது. அடையாளம் இல்லாத துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அதை அழித்தவர் அவரே என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு.

பிறக்கும்போதே பெயரில்லாமல் பிறந்த குழலுக்கு இது எப்படிப் பொருந்தும்? அதே உட்பிரிவின் வாலில் ஒரு வரம்புரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவசரமாக வாசிப்பவர் கண்ணில் படாது. சட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் அடையாளமில்லாத துப்பாக்கியை ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு, இந்த அனுமானம் ஓராண்டு கழிந்த பிறகே செல்லும். அதாவது 1962 அக்டோபரிலிருந்து 1963 செப்டம்பர் முடியும்வரை ஓராண்டு அவகாசம். நாடு முழுக்க இருந்த பெயரில்லாக் குழல்கள் பெயர் பெற்றுக்கொள்ளக் கிடைத்த காலம் அது. அதைக் கண்டதும், அந்த ஓராண்டில் இந்த மலைகளில் என்ன நடந்தது என்பதே என் வேட்டையாகிவிட்டது.

இங்கே ஒரு சிக்கல். 1963இல் தருமபுரி மாவட்டமே கிடையாது. சேலத்திலிருந்து அது பிரிந்தது 1965 அக்டோபர் 2 அன்று. பிறகு 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பென்னாகரத்துக்காரர் ஒருவர் 1963இல் மனுக் கொடுத்திருந்தால் கோப்பு சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் பிறந்திருக்கும். உரிமம் புதுப்பிப்பு தருமபுரியில் தொடர்ந்திருக்கும். தேன்கனிக்கோட்டைக்காரர் என்றால் மூன்று மாவட்டத் தலைநகரங்களைத் தொட்டுவர வேண்டும். மாவட்டம் பிரிக்கும்போது நிலப் பதிவேடுகளைப் பத்திரமாக எண்ணிப் பிரிப்பார்கள். வரி அதில் இருக்கிறது. துப்பாக்கி உரிமக் கோப்புக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909இல் சென்னை ஆவண அலுவலகமாக எழுந்தது. அங்கே அரசாணைகளைப் புரட்டினால் கொள்கை கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார். ஆளைத் தேட மாவட்ட அலுவலகப் பதிவறைக்குத்தான் வர வேண்டும். அந்த அறையின் மொழி தெரியாமல் எதையும் எடுக்க முடியாது. நடப்பில் இருக்கும் கோப்புக்கு ந.க. எண். முடிந்ததும் அது வேறு எழுத்தை வாங்கிக்கொள்ளும்: ஓ.மு. என்றால் ஓராண்டில் அழிக்கலாம், மூ.மு. என்றால் மூன்றாண்டில், ப.மு. என்றால் பத்தாண்டில். நிரந்தரமாக வைக்க வேண்டியவை தனி. ஒரு விவசாயி தன் ஒற்றைக்குழல் துப்பாக்கிக்குக் கொடுத்த மனு நிரந்தர வகையில் சேருவது அரிது. காலம் முடிந்ததும் கட்டை அவிழ்த்துக் கழித்துவிடுவார்கள். அது விதிப்படிதான் நடக்கிறது. எவர் மீதும் குற்றம் இல்லை. ஆனால் விதி அழித்துவிட்ட காகிதத்தைச் சட்டம் பிறகு ஒருவரிடம் கேட்கும்போது, அவர் எங்கே போவார்?

அலுவலகம் அழிக்கும் காகிதத்தின் மறுபாதி வீட்டில் இருக்கும் என்ற நினைப்பில் கிராமங்களின் பக்கம் திரும்பினேன். பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில், உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் முதியவர் ஒருவர் தம் புத்தகத்தைக் காட்டச் சம்மதித்தார். பாலித்தீன் பைக்குள் துணி, துணிக்குள் புத்தகம். அட்டை பிய்ந்து நூலால் தைத்திருந்தது. “எங்கப்பன் பேர்ல இருந்து என் பேருக்கு வந்தது தம்பி. எலக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் கொடுத்திரணும், ரசீது வாங்கிக்கணும். ஒரு தடவைகூடத் தவறினதில்ல” என்றார். ரசீதுகளும் அந்தப் பையிலேயே இருந்தன.

உரிமப் படிவத்தில் ஆயுதத்தின் விவரத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு. என்ன வகை, அடையாளக்குறி என்ன, பதிவெண் என்ன என்று அதில் எழுத வேண்டும். இவர் புத்தகத்தில் வகைக்கு நேரே எஸ்.பி.எம்.எல். என்ற எழுத்துகள். ஒற்றைக்குழல், வாய்வழிக் கெட்டிப்பு என்பதற்கு ஆட்சியர் அலுவலகங்கள் எழுதும் சுருக்கம். செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘நாட்டுச் செய்கை’. அடையாளக்குறிக்கு நேரே ஓர் எண்.

துப்பாக்கியை வாங்கிப் பார்த்தேன். குழல் 20 அங்குலத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. கட்டை வேலமரம் போலிருந்தது. கைபட்டுக் கைபட்டுக் கறுத்திருந்தது. குழலின் அடிப்பக்கம், மருந்தைப் பற்றவைக்கும் துளைக்குச் சற்று முன்னால், உளியால் வெட்டிய எண்கள். வரிசை கோணலாக, ஓர் எண் மற்றதைவிட ஆழமாக. எண்ணெய்த் துணியால் துடைத்து, வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் கடைசி எண் தெரிகிறது. புத்தகத்தில் இருந்த அதே எண்.

நான் தேடியதற்கு அந்தக் குழலில் பதில் இருந்தது. தொழிற்சாலைத் துப்பாக்கியில் எண் முதலில் இரும்பில் பிறக்கிறது. குமாஸ்தா அதைப் பார்த்துக் காகிதத்தில் எழுதுகிறார். இங்கே எண் காகிதத்தில் பிறந்து, பிறகு உளி வழியாக இரும்புக்குப் போயிருக்கிறது. செய்த கொல்லரின் பெயர் எங்கும் இல்லை. இருக்கும் ஒரே அடையாளம் உரிமம் கொடுத்த அரசாங்கத்தின் அடையாளம்தான். அப்படியென்றால் அந்தக் காகிதம் அழிந்தால் இந்த எண்ணுக்குப் பொருளே போய்விடும். தொழிற்சாலை எண்ணுக்கு அந்த ஆபத்து இல்லை. தொழிற்சாலையின் ஏடு ஒன்று எங்கோ இருக்கும்.

மாநில எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் குடகில் கதை வேறு. அங்கே கொடவர்களுக்கும் பரம்பரை ஜம்மா நிலக்காரர்களுக்கும் 1861இலிருந்தே உரிமத்திலிருந்து விலக்கு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. பாராமகால் என்று முன்பு அழைக்கப்பட்ட இந்தப் பகுதியின் மலைகளில் வாழ்ந்தவர்களுக்கும் காட்டுப்பன்றி அதே பன்றிதான். அந்தச் சலுகையை இங்கும் கொடு என்று நான் கேட்கவில்லை. துப்பாக்கி பெருகுவது எனக்கு உவப்பில்லை. யானையும் மானும் நாட்டுத் துப்பாக்கியால் செத்ததை இந்த மாவட்டம் நிறையப் பார்த்திருக்கிறது. உரிமம் வாங்கி, எண் வெட்டி, ரசீது சேர்த்து, மூன்று தலைமுறை ஒழுங்காக இருந்தவர்களை அந்த வேட்டைக்காரர்களோடு ஒரே தட்டில் வைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர்களைச் சுற்றிப் புதிய வளையங்கள் விழுந்திருக்கின்றன. காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் அறிவிக்கப்பட்டது. பரப்பு 686 சதுர கிலோமீட்டர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஓர் இடம் சரணாலயமானால், அதற்குள்ளும் அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளும் குடியிருக்கிற, துப்பாக்கி உரிமம் உள்ள ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தம் பெயரைப் பதிய விண்ணப்பிக்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் அவருடைய முன் இசைவு இல்லாமல் புதிய உரிமம் எதுவும் வழங்க முடியாது. ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு பதிவு, வனத்துறையில் இன்னொரு பதிவு. முதியவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு அது புதுச் செய்தி. அப்படி ஒரு படிவம் இருப்பதாக யாரும் வந்து சொல்லவில்லை என்றார்.

பன்றி விஷயத்திலும் நிலைமை மாறிவிட்டது. காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025இல் தமிழக அரசு முடிவெடுத்தது. விவசாயி தானே சுட அதில் இடம் இல்லை. 13ஆம் பிரிவு திறந்த வாசல் சட்டப் புத்தகத்தில் இன்னும் திறந்துதான் இருக்கிறது; அதன் வழியாகப் போய்ச் செய்ய வேலை எதுவும் மிச்சமில்லை.

முதியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. 2016 ஆயுத விதிகள், உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க விண்ணப்பிக்க இடம் தருகின்றன. மகனுக்கு அதில் விருப்பம். வேட்டைக்கு அல்ல, தாத்தா பொருள் வீட்டில் இருக்கட்டும் என்று. ஆனால் மாற்றம் என்றதும் 8ஆம் பிரிவு வந்து நிற்கும். அடையாளம் தெளிவாக இல்லாத துப்பாக்கி கைமாறக் கூடாது. கடைசி எண் துருவில் போய்க்கொண்டிருக்கிறது. அதை உளியால் மறுபடி ஆழப்படுத்தலாமா என்று மகன் கேட்டார். கூடவே கூடாது என்றேன். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் சட்டத்தின் கண்ணில் அது அடையாளத்தைத் திருத்தியதாகிவிடும்.

ஒப்படைக்கப்படும் துப்பாக்கிகளை அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, குழல் நீளத்தையும் அடிப்பக்கத்தில் எண் இருக்கிறதா என்பதையும் குறித்து வைக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதப்போகிறேன். ‘உரிமம் இல்லாதவை’ என்று கிடத்தப்படும் குவியலில் 1963இல் எண் வாங்கி, உரிமதாரர் இறந்து, புத்தகம் கரையான் தின்ற பின் வாரிசுகள் பயந்து கொண்டுபோய்ப் போட்டவையும் இருக்கக்கூடும். எண் இருந்தால் அந்தக் குடும்பம் ஒரு காலத்தில் சட்டப்படி நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

முதியவரின் மகனிடம் உரிம மாற்ற மனுவோடு வைக்கச் சொன்னவை இவை: உரிமப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களின் நகல், பழைய ரசீதுகள் அத்தனையும், எண் வெட்டிய இடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம், அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி. காவல் நிலையத்தில் ஒப்படைத்த ரசீதுகளில் சிலவற்றில் அந்த எண் முழுதாக எழுதப்பட்டிருக்கிறது. கடைசி எண் இரும்பில் படிக்க முடியாமல் போனாலும், முத்திரையோடு அது அங்கே இருக்கிறது.