செங்காந்தளை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கலாமா? குமரி மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

தமிழ்நாட்டின் மாநில மலர் எது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூட ‘செங்காந்தள்’ என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அதை நேரில் பார்த்தவர்கள் குறைவு, வீட்டில் வளர்ப்பவர்கள் இன்னும் குறைவு. இப்போது ஆன்லைனில் ‘குளோரியோசா லில்லி’, ‘ஃபிளேம் லில்லி’ என்ற பெயர்களில் இதன் கிழங்கு விற்பனைக்குக் கிடைக்கிறது. மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் வேறு லில்லிக் கிழங்குகளோடு சேர்த்து இதையும் ஆர்டர் போடுகிறார்கள். பிரச்னை என்னவென்றால், இந்தச் செடியின் ஒவ்வொரு பாகமும் விஷம். அதிலும் கிழங்கும் விதையும் கடும் விஷம்.

அப்படியென்றால் வளர்க்கவே கூடாதா? வளர்க்கலாம். எங்கே, எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதுவும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு.

ஒரே பூவுக்கு எத்தனை பெயர்?

காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என எல்லாம் ஒரே செடிதான். எல்லை தாண்டி கேரளத்துக்குப் போனால் மேந்தோன்னி. இலங்கையில் சிங்களத்தில் நியங்கலா. அங்குள்ள தமிழர்கள் கார்த்திகைப்பூ என்கிறார்கள். மாவீரர் நாளோடு சேர்த்து அறியப்பட்ட பூ அது. தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுதான் தேசிய மலர்.

சங்க இலக்கியத்தில் காந்தள் குறிஞ்சி நிலத்துப் பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறாரே, அதில் முதலில் வருவது காந்தள்தான். பெண்களின் விரலுக்கு இந்தப் பூவை உவமையாகச் சொல்வதும் உண்டு. மேல்நோக்கி வளைந்த அந்த ஆறு இதழ்களைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

பூ விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். பிறகு ஆரஞ்சு, கடைசியில் நல்ல சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறத்திலும் பூ நிற்பதால் தூரத்திலிருந்து பார்க்கத் தீப்பிடித்த மாதிரி இருக்கும். கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு ஏறும். 10 அடி வரைகூடப் போகும்.

ஜப்பானிலும் நெதர்லாந்திலும் பூங்கொத்துக்காக இதை வளர்க்கிறார்கள். ஆனால் நம் தோவாளை பூச்சந்தையில் மல்லி, பிச்சி, சம்பங்கி, அரளி என்று குவிந்து கிடந்தாலும் காந்தள் சரத்துக்கு ஆகும் பூ இல்லை. தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் பந்தல் கம்பி போட்டு விவசாயமாகவே செய்கிறார்கள். அது பூவுக்காக அல்ல, விதைக்காக. காலை நேரத்தில் ஆட்கள் ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தத்தை மாற்றிவிட வேண்டிய வேலை அது. அந்த விதையிலிருந்துதான் கொல்கிசின் என்ற மருந்துப்பொருளை எடுக்கிறார்கள்.

மருந்தும் அதுதான், விஷமும் அதுதான்

யூரிக் ஆசிட் கூடி வருகிற ‘கௌட்’ என்ற மூட்டுவலிக்கு டாக்டர்கள் கொல்கிசின் மாத்திரை எழுதுவார்கள். ஒரு மாத்திரையில் இருப்பது பொதுவாக அரை மில்லிகிராம். செங்காந்தள் கிழங்கு ஒன்றில் அதைப்போல் பல மடங்கு கொல்கிசின் இருக்கும்.

உடம்பில் செல்கள் இரண்டாகப் பிரியும் வேலையை இது தடுத்து நிறுத்துகிறது. அதனால் எங்கெல்லாம் செல்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுகிறதோ அங்கெல்லாம் முதலில் அடிவிழும். குடலின் உட்சுவர், ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை, முடியின் வேர் இவையெல்லாம் அப்படிப்பட்ட இடங்கள்.

சித்த மருத்துவத்தில் கலப்பைக்கிழங்கு உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் முறையாகச் சுத்தி செய்த பிறகு, படித்த வைத்தியர் அளவு பார்த்துக் கொடுப்பது வேறு; வீட்டில் தோண்டி அரைத்துக் குடிப்பது வேறு.

கிழங்கு சாப்பிடும் ஊரில் என்ன சிக்கல்?

‘அரளியும்தான் விஷம். அது எல்லா வீட்டு முற்றத்திலும் நிற்கிறதே’ என்று வாதாடலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அரளியை யாரும் அவித்துச் சாப்பிடுவதில்லை.

குமரி மாவட்டம் கிழங்கு சாப்பிடும் ஊர். மரச்சீனி, சீனிக்கிழங்கு, சேனை, சேம்பு, காச்சில், சிறுகிழங்கு என்று விளையில் ஏதாவது ஒன்று மண்ணுக்குள் இருந்துகொண்டே இருக்கும். மண்வெட்டியால் கொத்தும்போது கையில் வருவது எது என்று தெரிந்தவர்கள் தாத்தா, பாட்டி தலைமுறை. இன்றைக்கு விளையில் கிளைக்கப் போகிறவர் பெரும்பாலும் வேலையாள், இல்லையென்றால் லீவுக்கு வந்த பேரன். இலங்கையில் செங்காந்தள் கிழங்கைச் சீனிக்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிருக்கு ஆபத்தான சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. அங்கேயும் குமரி மாதிரியேதான், மழையும் கிழங்கும் நிறைந்த மண்.

இன்னொன்றும் இருக்கிறது. மரச்சீனியை அவித்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றுவது இங்கே எல்லா வீட்டிலும் பழக்கம். அப்படிச் செய்தால் அதிலுள்ள நஞ்சு குறையும் என்பது அனுபவத்தில் கண்டது, அறிவியல்படியும் சரி. ஆனால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. கொல்கிசின் சூட்டில் அழிவதில்லை. எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் செங்காந்தள் கிழங்கு சாப்பிடும் பொருளாக மாறாது.

தை மாதம் ஏன் முக்கியம்?

செங்காந்தள் வருஷம் முழுக்க நிற்கிற செடி இல்லை. மழையோடு முளைக்கும், பூக்கும், காய்க்கும். மழை முடிந்ததும் தண்டு மஞ்சளாகி, காய்ந்து விழுந்துவிடும். பிறகு இரண்டு மூன்று மாதம் கிழங்கு மண்ணுக்குள் உறக்கத்தில் இருக்கும். மேலே பார்த்தால் அங்கே ஒரு செடி இருந்த சுவடே தெரியாது.

குமரியில் அது நடப்பது ஏறக்குறைய மார்கழி, தை மாதங்களில். பொங்கலுக்கு விளையில் கிழங்கு கிளைப்பதும் அதே நேரத்தில்தான். ஆக, பூவோடு நிற்கும்போது எல்லோருக்கும் அடையாளம் தெரிகிற செடி, மண்வெட்டி விழும் சமயத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. பூ பூக்கிற காலத்தைவிட, பூவே இல்லாத இந்தக் காலம்தான் ஆபத்து.

அதனால் முதல் விதி, விளையில் நட வேண்டாம். தொட்டியில் மட்டும் நடுங்கள். காய்கறியும் கிழங்கும் வளர்கிற இடத்துக்கு அந்தத் தொட்டி போகவே கூடாது. தண்டு காய்ந்த பிறகும் ‘செங்காந்தள், விஷம்’ என்று பெயின்டில் எழுதியது தொட்டியிலேயே இருக்கட்டும். காகிதச் சீட்டு ஒரு மழைக்குத் தாங்காது.

தொட்டியில் நடுவது எப்படி?

விதையிலிருந்து வளர்த்தால் பூ பார்க்க மூன்று நான்கு வருஷம் ஆகிவிடும். ஆகவே கிழங்குதான். கலப்பை மாதிரி ‘வி’ வடிவில் இரண்டு கிளையாக இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அந்த நுனி ஒடிந்துவிட்டால் அந்தக் கிளை முளைக்காது. பார்சலில் வருகிற கிழங்கில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்கு என்றால் முதல் வருஷமே நன்றாகப் பூக்கும்.

காட்டிலிருந்து தோண்டி எடுத்து வருவது வேண்டாம். மருந்துக்காகக் கண்டபடி தோண்டியதால் பல இடங்களில் இது குறைந்துபோயிருக்கிறது. சரணாலயப் பகுதியில் செடியைத் தோண்டுவது குற்றமும்கூட.

12 அங்குலத் தொட்டி போதும். அடியில் நாலைந்து துளை கட்டாயம். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து நிரப்பலாம். நாஞ்சில் நாட்டு வயல்மண் மாதிரியான களிமண்ணைத் தனியாகப் போட்டால் கிழங்கு அழுகிவிடும். கிழங்கைப் படுக்க வைத்து, முளை நுனி மேல்பக்கம் பார்க்கும்படி வைத்து, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் மூடுங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. சாறு பட்டால் சிலருக்குத் தோல் எரிச்சல் வரும்.

எப்போது நடுவது என்பதில் குமரிக்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கரூர், திண்டுக்கல் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடுவார்கள். அங்கே அப்போது பெரிய மழை இருக்காது. இங்கே ஜூனில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், அதிலும் விளவங்கோடு, கல்குளம் பக்கம் சொல்லவே வேண்டாம். முளைக்காத கிழங்கு ஈரத்தில் ஊறினால் அவ்வளவுதான். அதனால் தொட்டியைக் கூரை ஓரத்தில் வைத்து நடலாம், அல்லது மழை சற்று ஓய்கிற ஆகஸ்ட் வரை காத்திருக்கலாம். ஆகஸ்டில் நட்டாலும் ஐப்பசி, கார்த்திகையில் பூ பார்க்கலாம். அழுகலைத் தடுக்க, நடும் முன்பு மண்ணில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்துகொள்ளலாம். உரக்கடைகளில் கிடைக்கும்.

முளை வந்ததும் ஒரு குச்சியோ கம்பி வலையோ வைத்துவிடுங்கள். பிடிக்க எதுவும் இல்லையென்றால் கொடி தரையில் சரிந்து ஒடிந்துவிடும். வெயில் வேண்டும்; நடுமதிய வெயில் மட்டும் கொஞ்சம் மறைந்தால் நல்லது. மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும்.

பூச்சி என்று பார்த்தால் ஒன்றுதான் பெரிய தொல்லை. கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த ஒரு புழு இலையை மொட்டையடித்துவிடும். நமக்கு விஷமான இலை அதற்குச் சாப்பாடு! ஒன்றிரண்டு என்றால் பொறுக்கி எடுத்துவிடலாம். அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளிக்கலாம்.

காய் வெடிக்கும் முன்பே நறுக்கிவிடுங்கள்

பூ வாடியதும் பச்சைக் காய் பிடிக்கும். அதை விட்டால் முற்றி, வெடித்து, உள்ளே வரிசையாகச் சிவப்பு விதைகள் தெரியும். குன்றிமணி பொறுக்கி விளையாடுகிற வயதுப் பிள்ளைகள் கையை வைக்காமல் இருக்க மாட்டார்கள். விதைக்காக வளர்ப்பவர்கள்தான் காயை விட வேண்டும். வீட்டில் பூவுக்காக வளர்ப்பவர்கள், வாடிய பூவை அப்போதைக்கப்போதே கிள்ளிவிடலாம். நறுக்கிய கொடியையும் இலையையும் ஆடு, மாடு மேய்கிற இடத்தில் போடக் கூடாது.

தண்டு மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். பழைய கிழங்கு சுருங்கிப் போயிருக்கும், அதன் இடத்தில் புதுக் கிழங்கு வந்திருக்கும். அதை வெளியே எடுத்து மணலில் சேமிப்பது நர்சரிக்காரர்கள் வழக்கம். வீட்டில் அது வேண்டாம். சமையலறைப் பக்கத்தில் கிழங்குக் கூடையோடு சேர்ந்துவிட்டால் வம்பு. தொட்டியிலேயே, மழை படாத இடத்தில், அப்படியே விட்டால் அடுத்த மழைக்கு அதுவே முளைக்கும்.

மூன்று நான்கு வயதுக் குழந்தை உள்ள வீடு, நாய்க்குட்டி மண்ணைத் தோண்டுகிற வீடு என்றால் இந்தச் செடியைச் சில வருஷம் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம். இதே தொட்டியில் சம்பங்கி வைக்கலாம், வாசமும் கிடைக்கும்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்?

முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் பலரும் தாமதிக்கிறார்கள். பிறகு வாயிலும் தொண்டையிலும் எரிச்சல், விடாத வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. பார்ப்பதற்குச் சாதாரண உணவு ஒவ்வாமை மாதிரியே இருக்கும். அடுத்த சில நாட்களில் ரத்த அணுக்கள் குறைவது, சிறுநீரகம் பாதிப்பது, இதயத் துடிப்பு மாறுவது என்று நிலைமை மோசமாகும். பிழைத்து வருபவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொத்தாக உதிர்வதும் உண்டு. அது பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோர், எண்ணெய் என்று வீட்டு வைத்தியம் பார்ப்பது எதுவும் வேண்டாம். விஷத்தை உடனே முறிக்கிற ஊசி எதுவும் ஆஸ்பத்திரிகளில் தயாராக இருப்பதில்லை. குடலில் இருப்பதை வெளியேற்றுவது, கரித்தூள் கொடுப்பது, குளுக்கோஸ் ஏற்றி உறுப்புகளைக் காப்பது இவைதான் சிகிச்சை. ஆகவே எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் 108-ஐ அழையுங்கள். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

போகும்போது மிச்சக் கிழங்கையோ, செடியின் ஒரு துண்டையோ, குறைந்தபட்சம் செல்போனில் ஒரு படத்தையோ எடுத்துச் செல்லுங்கள். டாக்டரிடம் ‘ஏதோ கிழங்கு’ என்று சொன்னால் போதாது. ‘செங்காந்தள், கண்வலிக்கிழங்கு’ என்று பெயரோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

அதே கிழங்கை வீட்டில் வேறு யாராவது சாப்பிட்டிருந்தால், அவர்களுக்கு அறிகுறி இல்லையென்றாலும், அதே வண்டியில் ஏற்றிவிடுங்கள்.