கடல் கடந்து வந்த கள்ளி

அந்தமான் தீவுகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகின்றது. இராமநாதபுரச் சீமையில் பெய்வது அதில் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நகரில் குடியேறிய தமிழன்பர்கள், தென்னையையும் தாழையையும் அங்கே காண்பர். ஊர்ப்புறத்துக் கள்ளிவேலியைக் காண்பது அரிது. தாயகத்து வறண்ட நிலத்தை நினைக்கும்போது பனைமரத்தோடு ஒருங்கே மனத்தில் தோன்றுவது சப்பாத்திக் கள்ளியே. அது தமிழ் மண்ணின் தொல்குடி என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் அதுவும் வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறியதேயாகும்.

இச்செடியில் இலை போலத் தோன்றும் தட்டையான மடல், இலையன்று, தண்டு. இலைகள் தளிர்ப்பருவத்தில் சிறிதளவே தோன்றி உதிர்ந்துவிடும். மடலெங்கும் முட்கள் நிற்கும். ஏனைய செடிகள் பகலில் திறக்கும் இலைத்துளைகளைக் கள்ளி இரவில் திறக்கின்றது. குளிர்ந்த வேளையில் கரியமிலவாயுவை உள்வாங்கிச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு உணவாக்குகின்றது. வெயிலில் நீர் வீணாகாமைக்கு இதுவே காரணம். மடலுள் இருக்கும் கொழகொழப்பான பசையும் நீரைப் பற்றி வைத்துக்கொள்ளும்.

அங்ஙனமாயின், சங்கப் புலவர் பாலை நிலத்திற் பாடிய கள்ளி யாது என்னும் வினா எழும். குறுந்தொகையின் 174ஆம் பாடலில், கள்ளியின் காய் வெடிக்கும் ஓசை கேட்டுப் புறாக்கள் அஞ்சிப் பறக்கின்றன. சப்பாத்திக் கள்ளியின் கனியோ சதைப்பற்று மிக்கது, அது வெடிப்பதில்லை. முற்றிய காய் ஓசையுடன் வெடித்து விதை தெறிப்பது சதுரக்கள்ளி முதலியவற்றின் இயல்பு. அவற்றை ஒடித்தால் வெண்பால் வடியும். கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு செய்யும். சப்பாத்திக் கள்ளியில் பால் இல்லை. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தின. சப்பாத்திக் கள்ளியின் குடும்பம், மரங்களில் தொற்றி வாழும் ஓரினம் நீங்கலாக, முற்றிலும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. ‘காக்டஸ்’ என்னும் சொல்லைக் கண்டதும் ‘கள்ளி’ என்றெழுதி மேற்செல்வது மொழிபெயர்ப்போர்க்கு எளிது. ஆனால் சங்கப் பாடலுக்கு மெக்சிகோச் செடியைப் படமாக வரைந்து பிள்ளைகளுக்குக் காட்டுவது பொருந்தாது என்பது நம் கருத்து.

பெயரே அதன் வரலாற்றைச் சிறிது உரைக்கின்றது. சப்பாத்துக்கள்ளி என்பது இதன் மற்றொரு வடிவம். சப்பாத்து என்பது செருப்பைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல். மடல் செருப்பின் அடி போல இருத்தலின் இப்பெயர் அமைந்தது. கோதுமை ரொட்டியின் நினைவு பின்னர் வந்து சேர்ந்தது போலும்!

இச்செடிக்கு உலகில் மதிப்பைத் தந்தது அதன் மீது வாழும் ஒரு சிறு பூச்சி. காச்சினீல் எனப்படும் அப்பூச்சியின் பெண்ணினத்தை உலர்த்திப் பொடித்தால் ஒளிமிக்க செஞ்சாயம் கிடைக்கும். ஒரு பவுண்டுச் சாயத்துக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். மெக்சிகோவைக் கைப்பற்றிய ஸ்பானியர், இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக இவ்வணிகத்தைத் தம் கையிலேயே வைத்திருந்தனர். செந்நிற ஆடை அணிந்த படையையுடைய ஆங்கிலேயருக்கு இது உறுத்தலாயிருந்ததில் வியப்பில்லை.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786இல், புல்லின் மேல் கண்ட ஒரு பூச்சியிலிருந்து அத்தகைய சாயம் எடுக்கலாமென எண்ணி, இலண்டனில் இருந்த சர் ஜோசப் பாங்க்சுக்கு எழுதினார். அப்பூச்சி பயன்படவில்லை, ஆயினும் அவர் ஊக்கம் குன்றவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் ஒன்று உருவாயிற்று. அவருடைய மருகர் ஆண்ட்ரூ பெர்ரி அதனைக் கண்காணித்தார். இன்று மின்தொடர்வண்டி விரையும் சைதாப்பேட்டையில், கள்ளியை உரமிட்டு வளர்த்த காலமும் இருந்தது! செடி வளர்ந்தது; பூச்சிதான் இல்லை.

1795இல் நீல்சன் என்னும் கப்பல் தலைவர் பிரேசில் நாட்டிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். உயர்ந்த சாயப்பூச்சி என்று அதனை வரவேற்றனர். அதுவோ தாழ்ந்த சாயம் தரும் காட்டினம். வணிகம் தழைக்கவில்லை, ஆனால் பூச்சி தழைத்தது. சாயத்தை விடுத்து, அது கள்ளியையே தின்று அழித்தது. அதனைக் கண்டு, 1836 முதல் 1838 வரை தென்னாட்டிலும், 1865ஐ ஒட்டி இலங்கையிலும், கள்ளியை ஒழிப்பதற்கென்றே அப்பூச்சியைக் கொண்டு சென்றனர். களையை ஒழிக்கப் பூச்சியை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு வேண்டுமென்றே அனுப்பியது உலகில் இதுவே முதன்முறை என்று அறிவியலார் குறிப்பர். தோற்ற முயற்சி ஒன்றிலிருந்து ஒரு புதிய துறையே தோன்றிற்று.

எனினும் அப்பூச்சி ஒரு வகைக் கள்ளியையே உண்டது. தீண்டப்படாத மற்றொரு வகை, மஞ்சட் பூவும் செங்கருநீலக் கனியும் உடையது, தமிழகத்தில் மேய்ச்சல் நிலங்களிலும் வழிகளிலும் அடர்ந்து பரவியது. வெட்டினால் விழுந்த மடல் ஒவ்வொன்றும் வேர்விட்டுப் புதுச்செடியாயிற்று. பாம்புக்கு அது புகலிடம்; உழவனுக்குத் தீராத் தொல்லை. 1926இல் வேறோர் இனப் பூச்சி இலங்கை வழியாகத் தென்னாட்டுக்கு வந்தது. பூச்சி பிடித்த மடலை நல்ல மடலின் மீது வைத்தாற் போதும். குஞ்சுகள் ஊர்ந்தும் காற்றிற் பறந்தும் பரவின. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியினின்று விடுபட்டது.

முற்றிலும் ஒழியாமல் எஞ்சியவற்றைத் தென்மாவட்டங்களில் இன்றும் காணலாம். கோடையில் மாடு மேய்க்கும் சிறுவர் கனியைக் கோலால் தட்டி வீழ்த்தி, மணலிலும் புல்லிலும் உருட்டிச் சுணையைப் போக்கி உண்பர். நாவும் உதடும் சிவந்துவிடும். பஞ்ச காலங்களில் மடலைத் தீயில் வாட்டி முள்ளைப் பொசுக்கி மாட்டுக்கு இட்டனர். முள்ளைவிடச் சுணை கொடியது. கண்ணுக்குப் புலனாகாமல் தோலில் தைத்துப் பல நாள் அரிக்கும். வெறுங்கையால் கனியைப் பறிக்க முயலாதீர்.

விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள் மடலின் மேல் வெண்பஞ்சு ஒட்டியது போலக் கண்டால், ஒரு குச்சியால் அதனை நசுக்கிப் பாருங்கள். குச்சியின் நுனி குருதி போலச் சிவக்கும். அப்பஞ்சினுள் இருப்பது, 1926இல் வந்த பூச்சியின் வழித்தோன்றலே.