பிரேசில் நட்

உலர்பழக் கடையில் முந்திரி, பாதாமுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் பருமனில் பழுப்பும் வெண்மையுமாகக் கிடக்கும் பிரேசில் நட், அமேசான் காட்டின் நெடுமரம் ஒன்றின் விதை. 1799 முதல் 1804 வரை அமெரிக்க நாடுகளைச் சுற்றிய இயற்கையியலாளர்கள் ஹம்போல்ட்டும் போன்பிளாண்டும் இம்மரத்துக்குப் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தொலேயின் பெயரைச் சூட்டினார்கள். பெர்தொலேசியா எக்செல்சா என்பது அதன் தாவரவியல் பெயர். நம் சிவன் கோயில்களில் நிற்கும் நாகலிங்க மரமும் இதுவும் ஒரே குடும்பம். பீரங்கிக் குண்டு போன்ற காயிலேயே அந்த ஜாடை தெரியும்.

50 மீட்டர் வரை உயரும் இந்த மரம் பல நூறு ஆண்டுகள் வாழும். காய் முற்ற ஓராண்டுக்கு மேல் ஆகும். தேங்காய் அளவில், இரண்டு கிலோ வரை கனக்கும் அந்தக் காயை அரிவாளால் கொத்திப் பிளந்தால், ஆரஞ்சுச் சுளைகளைப் போல இருபது விதைகள் வரை நெருக்கியடித்து அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஓடு உண்டு. மரக்கட்டைபோல் கடினமான இந்தக் காயை, அகூட்டி என்னும் கொறிவிலங்கு பல்லால் கடித்தே திறந்துவிடும். தின்றது போக மிச்சத்தை மண்ணில் புதைக்கும். புதைத்து மறந்தவை முளைக்கும். பூவின் இறுகிய மூடியை நெம்பித் திறந்து மகரந்தம் சேர்ப்பதோ பெரிய உடல் கொண்ட காட்டுத் தேனீக்கள். தோட்டமாகப் பயிரிட்ட முயற்சிகள் பெரிதாகப் பலிக்காததற்கு இந்தக் கூட்டுறவும் ஒரு காரணம். சந்தைக்கு வரும் கொட்டை இன்றும் அநேகமாக முழுக்கக் காட்டில் பொறுக்கியதுதான்.

பொறுக்குவது பழைய தொழில். பிரேசிலின் மோந்தே அலேக்ரே அருகே பெத்ரா பிந்தாதா குகையில், சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் தின்று போட்ட இக்கொட்டையின் எச்சங்களைத் தொல்லியலாளர் அன்னா ரூஸ்வெல்ட் கண்டெடுத்தார். பிற்காலத்தில், கோடையில் ரப்பர் பால் எடுத்தவர்களே மழைக்காலத்தில் கொட்டை பொறுக்கினார்கள். அவர்களில் ஒருவர் சிக்கோ மென்டெஸ். மாட்டுப் பண்ணைகளுக்காகக் காட்டை அழிப்பதை எதிர்த்த அவர், 1988 டிசம்பர் 22 அன்று ஷாபூரி என்னும் ஊரில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1990-இல் அவர் பெயரால் ஒரு காப்பகம் உருவானது. அங்கே மக்கள் காட்டிலேயே குடியிருந்து ரப்பரும் கொட்டையும் எடுக்கலாம்.

1994-இல் பிரேசில் இம்மரத்தை வெட்டத் தடை விதித்தது. ஆனால் சுற்றியுள்ள காட்டை அழித்துவிட்டு மரத்தை மட்டும் விட்டுவைத்தால் என்ன பயன்? மேய்ச்சல் நிலத்தில் தனித்து நிற்கும் மரத்தைத் தேனீ தேடி வருவது அரிது, காய்ப்பு குன்றிப்போகிறது.

டிசம்பர் முதல் மார்ச் வரை, அடைமழையில் காய்கள் தாமாக விழும். தலையில் விழுந்தால் உயிரே போகலாம். அதனால் பெரும்பகுதி உதிரும் வரை காத்திருந்து, காற்றடிக்கும் வேளையில் மரத்தடிக்குப் போகாமல் பொறுக்குகிறார்கள். சருகுக்குள் பாம்பு இருக்கலாம் என்பதால் நுனி பிளந்த கம்பால் காயைக் கவ்வி எடுத்து, முதுகுக் கூடையில் போடுகிறார்கள். பிறகு மூட்டையைச் சுமந்தபடி ஆற்றங்கரைக்கு நடை. ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் நஞ்சு சேரும். உலர்த்துவதில்தான் சரக்கின் தரமே இருக்கிறது. ஓடு நீக்கிய பருப்பின் ஏற்றுமதியில் பொலிவியா முன்னிலை வகிக்கிறது. ரிபரால்டா நகரம் அதன் மையம்.

இதன் மருத்துவப் பெருமை செலினியத்தால் வந்தது. தைராய்டு சுரப்பி இயங்க அந்தத் தாது வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 55 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்க அளவுகோல். ஒரே கொட்டையில் அதற்கு மேலேயே இருக்கக்கூடும். 2008-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், 12 வாரம் தினமும் இரண்டு கொட்டை தின்றவர்களின் இரத்தத்தில் செலினியம், மாத்திரை எடுத்தவர்களுக்கு இணையாக உயர்ந்தது. மக்னீசியமும் நல்ல கொழுப்பும் கூடவே கிடைக்கின்றன. ஆனால் கைநிறைய அள்ளித் தின்னும் பண்டமல்ல இது. நாளுக்கு 400 மைக்ரோகிராமைத் தொடர்ந்து தாண்டினால் முடி கொட்டலாம், நகம் உடையலாம், மூச்சில் பூண்டு நாற்றம் வரலாம். கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. செலினியத்தின் அளவும் மரம் நிற்கும் மண்ணைப் பொறுத்தது: பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்துக் கொட்டையில் அதிகம், ஆக்ரே மாநிலத்துக் கொட்டையில் குறைவு.

மீண்டும் காட்டுக்கு வருவோம். 2003-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, பல்லாண்டுகளாக விடாமல் பொறுக்கிய காடுகளில் இளங்கன்றுகளே அரிதாகிவிட்டதைக் காட்டியது. 2015–16 எல் நினோ வறட்சிக்குப் பின், 2017 அறுவடைக்குக் காட்டுக்குள் போன பலர் பாதி மூட்டைகூட நிரம்பாமல் திரும்பினார்கள்.